ஓசியில வந்த சனியன்

ஏலே, இப்படித் திண்ணையில உக்காரு. கம்ப்யூட்டர்ல வைரஸ் புகுந்துட்டு, என்ன பண்ண தாத்தான்னு கேக்க. உரக்கடைக் கணக்கைக் கம்ப்யூட்டர்ல போடுதவன்ங்கிற ஒரே பாவத்துக்கு, ராயகிரில எவன் வீட்டுப் பொட்டி படுத்தாலும் எங்கிட்டதான் தூக்கிட்டு வாராவ. ஊசி மட்டுந்தான் நான் போடல.

மொதல்ல ஒண்ணு சொல்லு. வைரஸ்னு உங்கிட்ட யாரு சொன்னா? திரையில வலது ஓரம் கீழ செவப்பா ஒரு கட்டம் வந்து, "5 வைரஸ் இருக்கு, ஒடனே இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க"ன்னுச்சா? அட கோட்டிக்காரா, அது வைரஸே இல்ல. போன வாரம் ஓசியில புதுப்படம் பாக்க ஒரு சைட்டுக்குப் போனியே, அங்கன ஒருத்தன் "அலவ்" குடுங்கன்னு கேட்டான். நீயும் வள்ளல் பரம்பரை, அமுக்கிட்ட. இப்ப அவன் நெனச்ச நேரமெல்லாம் வந்து மெரட்டுதான். குரோம் செட்டிங்ஸ்ல நோட்டிபிகேஷனுக்குப் போயி அந்த சைட்டுப் பேரத் தூக்கு, தீந்தது சோலி. அந்த நம்பருக்கு மட்டும் போன் போட்டுறாத. என்னத்தையாவது எறக்கச் சொல்லி, உன் பொட்டிக்குள்ளயே உக்காந்து உங்கய்யா பேங்குக் கணக்கைத் தடவிப் பாப்பான்.

போன் நம்பர் போட்ட வைரஸ் ஒண்ணு நெசமாவே உண்டு. 1986-ல லாகூர்ல அண்ணன் தம்பி ரெண்டு பேரு எழுதுன 'பிரெயின்'. அதுக்குள்ள பேரு, கடை விலாசம், போன் நம்பர் அம்புட்டையும் போட்டிருந்தாவ. என்னத்துக்குன்னா, அவிய எழுதுன மருத்துவ சாப்ட்வேரை ஓசியில காப்பி அடிக்கவனுக்குப் பாடம் சொல்லவாம். பாத்தியா, பிள்ளையார் சுழியே ஓசியிலதான். பிளாப்பி போயி பென்டிரைவ் வந்தும் அந்த வியாதி மட்டும் நம்மள விட்டுப் போகல.

சரி, உன் பென்டிரைவைக் குடு. ஜெராக்ஸ் கடையில சொருகுனதா? அப்பச் சரிதான். உன் அக்கா கல்யாண போட்டோ போல்டர் மேல ஒரு குட்டி அம்புக்குறி தெரியுதா? சைஸு 2 கேபி. கல்யாணமே 2 கேபிக்குள்ள அடங்கிருமாலே? உன் அக்கா கழுத்து மாலைக்கே அது பத்தாது. இது ஷார்ட்கட். நெச போல்டரை ஒளிச்சு வச்சுட்டு அதே பேர்ல இவன் உக்காந்திருக்கான். நீ ரெண்டு தட்டு தட்டுனா மொதல்ல அவன் கம்ப்யூட்டர்ல ஏறிக்கிடுவான், பெறவு போனாப் போகுதுன்னு போட்டோவயும் தொறந்து காட்டுவான். அதான் உனக்குச் சந்தேகமே வரல. மொதல்ல கம்ப்யூட்டரச் சுத்தம் பண்ணு, இல்லன்னா சொருகுத பென்டிரைவெல்லாம் திரும்பவும் கெடும். பெறவு போல்டர் ஆப்ஷன்ஸ்ல ஒளிஞ்ச பைலைக் காட்டுங்கிறதுக்கு டிக் போடு, சிஸ்டம் பைலை மறைங்கிற டிக்கை எடு. போட்டோ அங்கனயேதான் கெடக்கும். இந்த அம்புக்குறிக்காரனை மட்டும் அழி.

எப்படிச் சுத்தம் பண்ணவா? நெட்டை நிறுத்து. விண்டோஸ் செக்யூரிட்டியில டிபெண்டர் ஆப்லைன் ஸ்கேன்னு ஒண்ணு சும்மாவே கெடக்கு. அமுக்குனா பொட்டி அணைஞ்சு எந்திரிச்சு, விண்டோஸ் முழிக்கும் முன்ன காமணி நேரம் தேடும். அது முழிச்சிருக்கையில ஒளியுதவன் அப்ப மாட்டுவான். மத்திய சர்க்காரும் 2017-ல சைபர் ஸ்வச்சதா கேந்திரான்னு ஆரம்பிச்சு, இலவசமாவே நீக்குத சாப்ட்வேரைக் குடுக்கு. இந்த ஓசியெல்லாம் உன் கண்ணுல படாது. வெலை போட்டு விக்குத சாப்ட்வேரை எவனோ 'கிராக்'குன்னு சும்மா தாரான்னா மட்டும் ஓடுவ. அவன் போடுத மொத கண்டிஷனே, ஆன்டிவைரஸை அணைச்சு வைங்கங்கிறதுதான். வீட்டுக்கு வாரவன் நாயைக் கட்டுங்கன்னா ஞாயம். நாயைக் கட்டிட்டு நீங்க குத்தாலத்துக்குக் குளிக்கப் போங்கன்னா?

ரெண்டு ஆன்டிவைரஸ் போட்டா ரெட்டைக் காவலான்னு கேக்காத. ஒண்ணையொண்ணு பிடிச்சு இழுத்து, பொட்டி மொத்தமாப் படுத்துரும்.

வெவரமானவன் வீட்டுக்கும் வருமான்னா, கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கே வந்துச்சு. 2019 அக்டோபர் 29-ந்தேதி நிலையத்துக்காரவ, எங்க கட்டுப்பாட்டு சிஸ்டம் வெளி நெட்டோட சேரல, தாக்குதலுக்கு வழியே இல்லன்னாவ. மறுநாளே இந்திய அணுமின் கழகம், மால்வேர் கண்டது வாஸ்தவந்தான், மத்திய சர்க்காரோட சைபர் பாதுகாப்பு அமைப்பு செர்ட்-இன் செப்டம்பர் 4-லயே சொல்லிட்டுன்னு ஒத்துக்கிட்டு. நமக்கும் அப்ப அதே திருநெல்வேலி ஜில்லாதான். தென்காசியைத் தனியாப் பிரிச்சது நவம்பர் 22-ல. மால்வேருக்குப் பயந்து பிரிக்கல, பயப்படாத. பிடிச்சது நெட்டுல சேத்திருந்த நிர்வாகக் கம்ப்யூட்டரைத்தான். முக்கியமான உள்வலை தனியா இருந்ததால தப்பிச்சுது. உன் வீட்டுல எப்படி? உங்கய்யா பேங்கு, தங்கச்சி பாடம், உன் ஓசிப்படம் அம்புட்டும் ஒரே பொட்டி, ஒரே அக்கவுண்டு, அதுவும் அட்மின். படம் பாக்கதுக்காவது அட்மின் இல்லாத அக்கவுண்டு ஒண்ணு போட்டுக்க.

பார்மட் பண்ணிரவா? வெரட்டி வெரட்டியும் திரும்ப வந்தா பண்ணு. போட்டோ, டாக்குமென்ட் மட்டும் எடுத்துக்க. எறக்குன சாப்ட்வேர் ஒண்ணையும் கூடக் கூட்டியாராத. விண்டோஸை மைக்ரோசாப்ட் சைட்டுல இருந்தே எறக்கிப் போடு. "எல்லாம் உள்ள இருக்கு அண்ணாச்சி"ன்னு எவனாவது பென்டிரைவ் தந்தா, எல்லாமே உள்ள இருக்கும், அவனும் சேத்து.

ஆளை வெரட்டிட்டா முடிஞ்சுதுன்னு சாஞ்சு படுத்துறாத. பிரவுசர்ல சேத்து வச்ச பாஸ்வேர்டை வந்த அன்னைக்கே அள்ளிருப்பான். நல்லாருக்க போன்ல இருந்து மாத்து, மொதல்ல ஜிமெயில், பெறவு பேங்கு. காசு போயிருந்தா என் திண்ணைக்கு வராம ஒடனே சைபர் குற்ற ஹெல்ப்லைன் 1930-க்குப் போன் போடு. புதுப் பாஸ்வேர்டா மறுபடியும் மாமன் மக பேரை வச்சுறாத. அது ராயகிரில எல்லாத்துக்கும் தெரியும், உன் மாமனைத் தவிர.