முதலாளி காபி குடிக்கிறார்

ஆழ்வார்பேட்டையில் ஓர் இளம் முதலாளி. கம்பெனிக்கு அலுவலகம் கிடையாது. காபிக் கடைகள் உண்டு. திங்கள் நுங்கம்பாக்கம், செவ்வாய் அடையாறு. ஒரு கோப்பை வாங்கிவிட்டால் நாற்காலி, ஏசி, வைஃபை, போனுக்குச் சார்ஜ் எல்லாம் சாயங்காலம் வரை இலவசம். இந்தக் கணக்கில் ஆள் புலி. ஜிஎஸ்டி கணக்குதான் ஆடிட்டர் தலையில்.

காபி வந்ததும் ஆராய்ச்சி தொடங்கும். பாபாபுதன் மலைக் கொட்டையாம், ஆரஞ்சுத் தோல் வாசனையாம். எஸ்பிரெஸ்ஸோ 9 பார் அழுத்தத்தில் 25 முதல் 30 வினாடிக்குள் இறங்க வேண்டும் என்பார். கொஞ்சம் பிந்தினாலும் முகம் சுளிப்பார். வாடிக்கையாளர் கேட்ட கொட்டேஷன் மட்டும் போன மாதத்திலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கிறது.

வீட்டில் அம்மா போடும் டிகாக்ஷனைத் தொடமாட்டார். சிக்கரி கலந்ததாம், அசல் இல்லையாம். காபித்தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி சேர்க்கச் சட்டமே இடம் தருகிறது. எவ்வளவு என்று பாக்கெட்டில் அச்சிட்டாக வேண்டும், அவ்வளவுதான். முதலீட்டாளருக்கு இவர் காட்டும் வருமானக் கணக்கில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று எங்கேயும் அச்சிட்டதாகத் தெரியவில்லை.