தூரமா மாமா?

கல்யாணமான மூன்றாம் நாள். மதுரைக்குப் பக்கத்தில் மாமனார் ஊர். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு, கக்கத்தில் பத்திரப் பை சகிதம் அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். திண்ணையில் இருந்த புது மாப்பிள்ளை நான், பேசாமல் இருந்தால் மரியாதைக் குறைச்சலாகப் போய்விடுமே என்று, "எங்க மாமா கிளம்பிட்டீங்க?" என்றேன்.

மாட்டிய செருப்பு கழன்றது. ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மாமியார் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். பத்திர ஆபீஸுக்குப் போகிற எட்டரை மணி பஸ் எங்கள் கண்ணெதிரே ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அடுத்தது பதினொன்றுக்கு.

மனைவி என்னை அடுப்படிக்கு இழுத்துப்போனாள். "வெளிய கிளம்புறவங்கள எங்கன்னு கேக்கலாமா? போற காரியம் உருப்படுமா? தூரமான்னு கேக்கணும்."

எங்கள் வீட்டில் "எங்கடா போற?" என்பதுதான் அப்பாவின் காலை வணக்கம். என் காரியங்கள் உருப்படாததற்குக் காரணம் அன்றுதான் தெரிந்தது.

அடுத்த முறை சுதாரித்துக்கொண்டேன். "தூரமா மாமா?" முகம் மலர்ந்து, "இந்தா பக்கந்தான் மாப்ள" என்றார். 450 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிற சென்னைக்குப் போய்விட்டு மூன்றாம் நாள் திரும்பினார்.

பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தவன்தான் நான். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், தகுதி வழக்கு மூன்றில் ஒன்றாக மங்கலத்தை வைத்திருக்கிறார். சுடுகாட்டை நன்காடு என்பது, விளக்கை அணைக்காமல் குளிரவைப்பது, கன்னங்கரேலென்று நிற்கிற ஆட்டை வெள்ளாடு என்பது எல்லாம் வாத்தியார் சொன்ன உதாரணம். இரண்டு மதிப்பெண் கேள்வி, இரண்டும் வாங்கினேன். பாடம் மாமனார் வீட்டு வாசல்வரை வரும் என்று வாத்தியார் சொல்லவில்லை.

அடுப்படிவரைகூட வந்தது. கடைக்குக் கிளம்பும்போது "உப்பு நிறைஞ்சிருக்கு மாப்ள" என்றார் மாமியார். சரி, அது ஒன்று மிச்சம் என்று மற்றதை வாங்கி வந்தேன். அன்றைக்குச் சாம்பாரில் உப்பில்லை. அந்த வீட்டில் எது தீர்ந்துபோகிறதோ அது நிறைந்திருக்கும். (கைமாத்து கேட்டு வருகிறவர்களிடம் மட்டும் 'இல்லை' பளிச்சென்று வரும்.)

'போறேன்' சொல்லக்கூடாது, 'போயிட்டு வரேன்' சொல்லவேண்டும் என்பதற்கு நாக்கைப் பழக்க இரண்டு வருஷம் ஆயிற்று. பழகிய நாக்கோடு தூரத்துச் சொந்தத்தில் ஒரு சாவுக்குப் போனேன். மாலை போட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, கிளம்பும்போது வீட்டுப் பெரியவரிடம் குரலைத் தாழ்த்தி, "அப்ப நான் போயிட்டு வரேங்க" என்றேன்.

பந்தலில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. மேளம்கூட ஒரு கணம் நின்றதாக எனக்கு ஞாபகம். சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போகவேண்டுமாம். திரும்ப வருகிறேன் என்றால் எதற்கு வருவேன்? அந்தப் பெரியவருக்கு அப்போதே எண்பது வயது.

அன்றோடு வாயைக் கட்டினேன். மாமனார் செருப்பைத் தேடினால் போதும், பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன்.

போன மாதம் மாமியார் மகளிடம் போனில் சொன்னாராம்: "வயசான மனுசன் வெளிய கிளம்புறாரு. தூரமா பக்கமான்னு ஒரு வார்த்தை கேக்குறாரா உன் வீட்டுக்காரரு?"