கருப்பட்டிக் காப்பி நிறம்

1986-ல் நான் நர்சிங் படித்தபோது, சாயர்புரத்தில் கொலஸ்ட்ரால் என்பது வசதியானவர்களுக்கு மட்டும் வரும் வியாதி. தூத்துக்குடியில் இரண்டு லாரி ஓட வேண்டும், அல்லது சொந்தமாக உப்பளம் இருக்க வேண்டும். பனையேறிக்கு அதைச் சோதித்துப் பார்க்கவே யாருக்கும் தோன்றாது. இன்று எங்கள் தெருவில் மாத்திரை போடாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அன்றைய மருந்துப் பாடத்தில் குளோஃபைப்ரேட் இருந்தது. அது மாரடைப்பைக் குறைத்தாலும் வேறு காரணங்களால் சாவைக் கூட்டியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 1978-லேயே சொல்லியிருந்தது. எங்கள் நோட்டுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. கொலஸ்டிரமின் என்றொரு பொடி. மற்ற மருந்துகளையும் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், அவற்றை ஒரு மணி நேரம் முன்னால் அல்லது நாலு மணி நேரம் கழித்துக் கொடு என்று மனப்பாடம் செய்தேன். அந்தப் பொடியை இன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை.

பார்த்தது நிகோடினிக் ஆசிட். விழுங்கிய கொஞ்ச நேரத்தில் முகம் பழுத்த மிளகாயாகிவிடும். உப்பளக்காரர் ஒருவரின் மனைவி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “சிஸ்டர், இவுக மறுபடியும் குடிக்க ஆரம்பிச்சிட்டாகளோ?” என்று கேட்டார். முன்கூட்டியே ஆஸ்பிரின் கொடுத்தால் சிவப்பு தணியும் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் பூசணம் பூத்தால் தூக்கி எறிவோம். ஜப்பானில் அகிரா எண்டோ ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணுயிர்களைச் சலித்து, ஒரு பென்சிலியப் பூசணத்திலிருந்து 1973-ல் முதல் ஸ்டாடினை எடுத்தார். கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிக்க வேண்டிய நொதியை அது மறித்துவிடும். ராத்திரியில்தான் அந்தத் தயாரிப்பு அதிகம். சிம்வாஸ்டாடின் உடம்பில் சீக்கிரம் தீர்ந்துபோகும். ஆகவே ராத்திரி மாத்திரை. பிறகு நெடுநேரம் நிற்கும் அடோர்வாஸ்டாடின் வந்தது. அதை எந்த நேரத்திலும் போடலாம். ராத்திரிதான் போட வேண்டும் என்ற அதட்டலை நான் மட்டும் நிறுத்தவில்லை.

கிரேப்ஃப்ரூட் சாறு கூடாது என்றும் எச்சரிப்பேன். அந்தப் பழத்தைச் சாயர்புரத்தில் பார்த்தவர் கிடையாது. என் பேச்சை முழுசாகக் கேட்டார்கள் என்றால் அந்த ஒன்றில்தான். மஞ்சக்கருவைத் தடுத்தேன். தூத்துக்குடி மக்ரூனில் வெள்ளைக்கருதானே என்று தாராளமாக விட்டேன். சீனியைக் கணக்கில் சேர்க்கவில்லை. உணவில் கொலஸ்ட்ரால் 300 மில்லிகிராம் தாண்டக் கூடாது என்ற வரம்பை அமெரிக்காவின் 2015 உணவு வழிகாட்டி கைவிட்டது. மஞ்சக்கருவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

2023-ல் ‘இதயம் காப்போம்’ திட்டம் வந்தது. மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்கு 14 மாத்திரை கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அடோர்வாஸ்டாடின் 10 மில்லிகிராம் 8. லாரிக்காரருக்கு எட்டு என்றால் பனையேறிக்கும் எட்டு.

எனக்கும் தினம் ஒரு ஸ்டாடின் உண்டு. போன மாதம் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. நர்ஸாக இருக்கும் தம்பி மகள் வந்தவள், “அத்தை, ஒண்ணுக்கு கருப்பட்டிக் காப்பி நிறத்துல போவுதா?” என்றாள். அது என் கேள்வி. ஸ்டாடினால் தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கிற அபூர்வ ஆபத்தை உப்பளத்துப் பெண்களுக்குப் புரிய வைக்க நான் கண்டுபிடித்த நிறம்.

“அதெல்லாம் இல்லட்டி. வயசான வலி.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாகன்னு நீங்கதான சொல்லித் தந்திய?” என்றபடி, தசை உடைவதைக் காட்டும் சிகே பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க என் சட்டைக் கையை மடக்கினாள்.