குண்டூசிக்கும் கணக்கு உண்டு

எழுதுபொருள் பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறதோ, அலுவலகத்தில் அவரே உண்மையான அதிகாரி. மேலாளர் கையெழுத்துப் போடலாம்; போடுவதற்கான பேனா ஸ்டோர் கிளார்க்கிடம்தான் இருக்கிறது. ஒரு ரீஃபிலுக்கும் இண்டென்ட் எழுத வேண்டும். எதை வைத்து எழுதுவது என்று கேட்டால், "பக்கத்து சீட்ல வாங்கிக்குங்க சார்" என்பார், பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் (2017), இருப்பிலுள்ள நுகர்பொருட்களை ஆண்டுக்கு ஒரு முறையாவது நேரில் சரிபார்க்கச் சொல்கின்றன. அன்றைக்கு மட்டும் அதிசயம் நடக்கும்: ஏட்டில் 12 ஸ்டேப்ளர் என்றால் பீரோவிலும் 12. அவற்றில் எத்தனை பின் அடிக்கும் என்பதற்கு ஏட்டில் கட்டம் கிடையாது.

மார்ச் மாதக் கதையே வேறு. ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடக் கூடாதே என்று ஏ4 காகிதம் வந்து இறங்கும், கட்டுக்கு 500 தாள். வைக்க இடமில்லாமல் நாற்காலி ஏறும். ஏப்ரலில் பழையபடி, ஒரு பக்கம் அச்சான தாளின் முதுகில்தான் இண்டென்ட்.

ஜூனில் பள்ளி திறக்கும் வாரத்தில் பென்சிலும் ரப்பரும் ஏன் இப்படிச் செலவாகின்றன என்று தணிக்கைக்காரர் கேட்பதில்லை. அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.