மேம்பாலம் ஏறிய காலநிலைக் கொள்கை

வானிலை ஆய்வு மையம் சிவப்பு எச்சரிக்கை விட்டதும் சென்னை வேளச்சேரிக்காரர்கள் முதலில் செய்யும் காரியம், காரை எடுத்துக்கொண்டு மேம்பாலம் ஏறுவது. பம்பரோடு பம்பர் உரச வரிசையாக நிறுத்தி, கண்ணாடியை மடக்கி, உறையைப் போர்த்திவிட்டு நடந்தே வீடு திரும்புகிறார்கள். பாரிசிலும் கிளாஸ்கோவிலும் பாகுவிலும் கூடிக் கூடி உலகத் தலைவர்கள் தேடிக்கொண்டிருக்கிற காலநிலைத் தகவமைப்பு இதுதான். டெண்டர் இல்லை, ஆலோசகர் இல்லை, அடிக்கல் நாட்டு விழாகூட இல்லை. அரசு கட்டியவற்றில் வெள்ளத்துக்கு உண்மையாகவே உதவுவது அந்தப் பாலம். அதையும் வெள்ளத்துக்காகக் கட்டவில்லை.

கார் இல்லாதவர் எதன்மேல் ஏறுவது? சென்னையின் காலநிலைச் செயல்திட்டம் சொல்லியிருக்கலாம். 2022-இல் அதன் வரைவை மக்கள் கருத்துக்கு வைத்தார்கள், ஆங்கிலத்தில் மட்டும். கூச்சல் எழுந்த பிறகே தமிழுக்கு ஞானோதயம் வந்தது. கழுத்தளவு தண்ணீரில் நிற்பவருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் என்ன தவறு?

பள்ளிக்கரணையைப் பாருங்கள். ஒருகாலத்தில் ஐயாயிரம் ஹெக்டேர் அளவுக்குப் பரந்து கிடந்த சதுப்பு. தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீரை வாங்கி, ஒக்கியம் மடுவு வழியாக மெல்லக் கடலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. சம்பளம் கேட்காத ஊழியனை நாம் விட்டுவைப்போமா? ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பையைக் கொட்டினோம். இன்னொரு பக்கம் ஐ.டி. வளாகங்கள் எழுந்தன. கடலையும் காற்றையும் ஆராயும் தேசிய நிறுவனங்களுக்கும் சதுப்பிலேயே இடம் ஒதுக்கினோம். எல்லாம் முடிந்தபின், 2022-இல், மிச்சத்துக்கு ராம்சர் ஈரநிலம் என்ற சர்வதேச அந்தஸ்து வந்தது, 1,247 ஹெக்டேர். அதைச் சுற்றிக் கட்டடம் கட்டலாமா கூடாதா என்று இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறோம்.

வீடு, மனை வாங்குகிறவர்களும் சளைத்தவர்கள் அல்லர். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. லேக் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. புறநகரில் மனை பார்க்கப் போகிறவர் கேட்கும் கேள்விகள்: சி.எம்.டி.ஏ. அப்ரூவல் உண்டா, பேங்க் லோன் கிடைக்குமா, மெட்ரோ வருமா? தண்ணீர் நிற்குமா என்று அவரும் கேட்பதில்லை, இருபது வருடத் தவணைக்குக் கடன் கொடுக்கும் வங்கியும் கேட்பதில்லை. வங்கிக்கு என்ன கவலை? வீடு மிதந்தாலும் இ.எம்.ஐ. மூழ்காது.

பெரிய கடன்களின் கதை இன்னும் அழகு. கொசஸ்தலையாற்றுப் படுகையில் மழைநீர் வடிகால் கட்ட ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடன். கோவளம் படுகைக்கு ஜெர்மனியிடம் கடன். பெய்கிற மழையைச் சேர்த்துவைக்கும் ஏரியை விற்றுவிட்டு, அதே மழையைக் கடலுக்கு விரட்ட வட்டி கட்டுகிறோம். இதே ஊருக்குத்தான் 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது, நடைக்கு 25 லட்சம் லிட்டர்.

உலக அரங்கிலும் இதே கணக்குதான். வளரும் நாடுகள் காலநிலை நிதியாக ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர் வேண்டும் என்றன. 2024-இல் பாகுவில் பணக்கார நாடுகள் ஒப்புக்கொண்டது, 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர். இதுவரை கொடுத்த காலநிலை நிதியிலும் பெரும்பகுதி கடன்தான். கூரைக்குத் தீ வைத்தவனே தண்ணீர் வாங்கக் கடன் தருகிறான். நாம் வட்டி குறைவு என்று கும்பிடு போடுகிறோம்.

இதையெல்லாம் சிரித்துக் கடக்கலாம். சிரிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. சென்னை விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின் குறுக்கே பாலம் போட்டு நீள்கிறது. 2015 டிசம்பரில் ஆறு ஏறி வந்து விமான நிலையத்தையே நாள்கணக்கில் மூடவைத்தது. செம்பரம்பாக்கம் ஏரி நீரைத் திறந்த விதத்தையும் சேர்த்து, அந்த வெள்ளம் மனிதர்களால் விளைந்த பேரிடர் என்று தணிக்கைத் துறையே எழுதியது. அந்த ஓடுபாதையை எவரும் ஆக்கிரமிப்பு என்று சொல்லவில்லை, வளர்ச்சி என்றார்கள். அதே ஆற்றின் கரையில் தகரமும் தார்ப்பாயும் போட்டுப் பிழைத்தவர்கள்தான் ஆக்கிரமிப்பாளர்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, பிள்ளைகளின் பள்ளியையும் பெண்கள் வேலைக்குப் போன வீடுகளையும் விட்டுக் கிளப்பி லாரியில் ஏற்றினார்கள். கொண்டுபோய் இறக்கியது எங்கே? பெரும்பாக்கத்தில், அதே பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில். 2023-இல் மிக்ஜாம் புயல் வந்தபோது அங்கேயும் தண்ணீர் சூழ்ந்தது. ஏற்றிவைக்க அவர்களிடம் காரும் இல்லை.

உங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடந்தால் போங்கள். எத்தனை கிலோமீட்டர் வடிகால் கட்டினீர்கள் என்று கேட்காதீர்கள்; அந்தப் பதிலை அவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஏரியிலும் சதுப்பிலும் கட்டட அனுமதிக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் யார் யார் என்று கேளுங்கள். பெயர்களை எழுத்துமூலமாகக் கேளுங்கள்.