மிஸ்ர சாப்பு தெரிந்தால் முன்வரிசை!

கேள்வி: என் மகன் ‘புரோகிரசிவ் மெட்டல்’ என்று வீட்டையே அதிர வைக்கிறான். கச்சேரிக்கும் கூப்பிடுகிறான். போகலாமா? – ஒரு வாசகி, பிடோக்

பதில்: கட்டாயம் போங்கள். தாளம் போடத் தெரியுமென்றால் முன்வரிசைக்கே போங்கள்! மிஸ்ர சாப்பில் 3, 4 என்று பிரித்து எண்ணுவோமே, அந்த ஏழு இந்த மெட்டல்காரர்களுக்கும் அன்றாடச் சோறு. டிரீம் தியேட்டர் குழுவின் ‘தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி’ 6 நிமிடச் சொச்சம்தான். அதற்குள் 100 முறைக்கு மேல் தாளக் கணக்கு மாறுகிறது. 2000 ஆகஸ்ட் 30 அன்று நியூயார்க் ரோஸ்லாண்ட் பால்ரூமில் அதையும், அது இடம்பெற்ற ஆல்பம் முழுவதையும், முதலிலிருந்து கடைசி வரை மேடையில் வாசித்தார்கள். அந்தப் பதிவைக் கேளுங்கள். தனி ஆவர்த்தனம் சுற்றிச் சுழன்று சரியான எடுப்பில் வந்து விழும்போது சபையில் ஒரு ‘ஆஹா’ எழுமே, அதேதான்! எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

நம் சிங்கப்பூரிலேயே ருத்ரா குழுவினர் இருக்கிறார்கள், 1992 முதல். அவர்களுடையது டெத் மெட்டலும் வேதாந்தமும் கலந்த தனி வழி. சமஸ்கிருதச் சுலோகம் உறுமலாக வரும். 2005-இல் வந்த ‘பிரம்மவித்யா: பிரைமோர்டியல் ஐ’ ஆல்பத்தை முதலில் நீங்கள் போட்டுக் காட்டுங்கள். மகன் அசந்துபோவான்.