நாலு பக்கமும் நல்ல மனுஷங்க

வீடு வாங்கப் போகிறவர்கள் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். வாஸ்து பார்க்கிறார்கள். கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு உப்பா சப்பா என்று யோசிக்கிறார்கள். மாமனாரைக் கூட்டிவந்து சுவரைத் தட்டச் சொல்கிறார்கள். இடம் எதுவரைக்கும் என்று கேட்பதுதான் இல்லை. விருந்துக்குப் போன வீட்டில் சோற்றை எடை போடுகிற மாதிரி, அதை அநாகரிகம் என்று நினைக்கிறார்கள்.

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பழைய ஓட்டு வீட்டைப் பார்க்கப் போனபோது நான் கேட்டுவிட்டேன். தரகர் கையை வீசிக் காற்றில் ஒரு வட்டம் போட்டார். "நாலு பக்கமும் நல்ல மனுஷங்க சார்" என்றார். எல்லையைக் கேட்டால் நன்னடத்தைச் சான்றிதழ் கொடுக்கிறார்.

சரி, எவ்வளவு இடம்? தரகர் கணக்கில் ஐந்தரை சென்ட். வீட்டுக்காரப் பெரியவர், "பதினாறு குழிக்கு மேல, பதினேழுக்குக் கீழ" என்றார். பட்டாவில் 2.23 ஏர். பத்திரத்தில் 2,400 சதுர அடி. குழிக்கு 144 சதுர அடி, சென்டுக்கு 435.6, ஏருக்கு நூறு சதுர மீட்டர் என்று கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். நாலு பேரும் ஒரே உண்மையைச் சொல்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நில விவகாரத்தில் அப்படி நடப்பது இயல்பில்லை.

பத்திரம் 1962இல் எழுதியது. அதில் நான்கெல்லை இப்படி இருந்தது: வைத்தியர் மனைக்குக் கிழக்கு, வாய்க்காலுக்கு மேற்கு, பொதுப்பாதைக்குத் தெற்கு, புளியமரத்துக்கு வடக்கு. இதைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். பாதைக்குத் தெற்கு என்றால் பாதை தெற்கே இல்லை. நாம்தான் அதற்குத் தெற்கே இருக்கிறோம். என் மனைவி பத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்ற இடத்திலேயே சுற்றினாள். ஒரு சுற்று முடிந்ததும், "என்னங்க, அந்தப் புளியமரம் எங்க?" என்றாள்.

புளியமரம் எப்போதோ விறகாகிவிட்டது. வாய்க்கால் சிமென்ட் சாக்கடையாகி இரண்டடி இடம் பெயர்ந்திருந்தது. வைத்தியர் காலமாகி ஒரு தலைமுறை ஆகிறது. அவர் மனை எதுவரைக்கும் என்று தெரிந்தால் நம் மனை எங்கே தொடங்குகிறது என்று தெரியும் அல்லவா? வைத்தியர் குடும்பத்துப் பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். அதில் கிழக்கெல்லை என்று நம் பெரியவரின் அப்பா பெயர் இருந்தது. இவர் எங்கே என்றால் அவருக்குப் பக்கத்தில்; அவர் எங்கே என்றால் இவருக்குப் பக்கத்தில். இரண்டு பேரும் இப்போது இருக்கிற இடத்தில் எல்லைத் தகராறு கிடையாது.

அளவுக்கும் நான்கெல்லைக்கும் முரண்பாடு வந்தால் நீதிமன்றங்கள் பொதுவாக நான்கெல்லையைத்தான் ஏற்கும் என்றார் வக்கீல். அதாவது 2,400 சதுர அடி என்கிற எண்ணைவிட இல்லாத புளியமரத்துக்கு மதிப்பு அதிகம்.

நிலம் அளக்க வந்த லாம்டன் என்கிற ஆங்கிலேயர் 1802இல் பரங்கிமலைப் பக்கம் சங்கிலி போட்டு ஏழரை மைல் அளவுக்கு ஓர் அடிக்கோடு அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வடக்கே போய்த்தான் எவரெஸ்டின் உயரத்தையே கணக்கிட்டார்கள். அப்பேர்ப்பட்ட மண்ணில் வைத்தியர் வீட்டுக் கொல்லை எங்கே முடிகிறது என்று சொல்ல ஆளில்லை.

பெரியவரை விட்டே மனுப் போட வைத்து, பணம் கட்டி, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் நோட்டீஸ் போய், ஒருவழியாக சர்வேயர் வந்தார். அன்று தெருவே வந்தது. திண்ணைகளில் நாற்காலி போட்டார்கள். யாரோ மோர் கொண்டுவந்தார்கள். சர்வேயர் புல வரைபடத்தைப் பிரித்து, "இங்க ஒரு கல் இருக்கணுமே" என்றார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். 1923ஆம் வருஷச் சட்டப்படி அளவைக் கல்லைப் பேணிக் காப்பது நில உடைமைக்காரரின் பொறுப்பு. மேலண்டை வீட்டில், அதாவது வைத்தியரின் மருமகள் வீட்டில், அதை நன்றாகத்தான் பேணியிருந்தார்கள். குழாயடியில் படுக்கப் போட்டு, தினமும் சோப்புப் போட்டு.

"இது எங்க மாமியார் காலத்துத் துவைகல்லு" என்றார் அந்த அம்மா.

"இதுல அம்புக்குறி வெட்டியிருக்கே?"

"தண்ணி வடியறதுக்கு."

சர்வேயர் அனுபவசாலி. அதற்கு மேல் பேசாமல் தெருமுனைக் கல்லிலிருந்து டேப்பை இழுத்து வந்தார். கூடவே ஊரும் நடந்தது. ஒவ்வொரு வாசலைத் தாண்டும்போதும் அந்த வீட்டுக்காரர், தன் வீடு இன்னும் தன்னிடம்தான் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். கடைசியில் சுண்ணாம்புக் கோடு விழுந்தது. மேலண்டைக் குளியலறையில் ஓரடி நம் பெரியவருடையது. அவர்கள் இத்தனை காலம் தண்ணீர் ஊற்றி வளர்த்த தென்னை முழுசாக நம் பக்கம். கிழக்கே சாக்கடை நம்மிடமிருந்து கொஞ்சம் தின்றிருந்தது. அதைக் கேட்டால் பஞ்சாயத்தோடு மல்லுக்கட்ட வேண்டும் என்பதால் யாருமே அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஓரடிக் குளியலறையை இடிக்கச் சொல்லிவிட்டுக் குடிபோனால் அவசரத்துக்குத் தயிர் உறை கிடைக்காது என்றாள் மனைவி. ஆகவே வக்கீலைக் கேட்டு, சுவர் இருக்கிற இடத்திலேயே எல்லை என்று இருதரப்பும் கையெழுத்துப் போட்டு, அந்த ஓரடிக்கான தொகையைப் பெரியவர் விலையில் கழித்துக்கொள்வதாகப் பேசி முடித்தோம். தென்னை பற்றி எப்படிப் பேச்சை எடுப்பது என்று நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவே முந்திக்கொண்டார்.

"மரம் உங்க பக்கம் இருந்துட்டுப் போகட்டும் தம்பி. காய் எங்க பக்கம்தானே விழுது?"

அண்ணாந்து பார்த்தேன். வாஸ்தவம். சர்வேயர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று குறிக்க அவர் வரைபடத்தில் இடமில்லை.